சின்ன வாக்கியமே வராதவர்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் இலவச இலக்கணப் பக்கங்கள் உதவுமா?

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் கவுன்சில் நடத்தும் லேர்ன் இங்கிலீஷ் தளத்தின் இலக்கணப் பகுதி, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்தவர்களுக்கு ரொம்ப நல்ல விஷயம். ஏபிசிடியிலிருந்து ஆரம்பிப்பவர்களுக்கு ஆகாது, ஏனென்றால் விளக்கம் எல்லாமே ஆங்கிலத்தில்தான். காசு கிடையாது.

என் அக்கா தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்தவர். இப்போது ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறார், வெளிமாநில நோயாளிகளும் வருகிறார்கள், நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசியே ஆக வேண்டும். முதலில் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் முப்பது நாள் புத்தகம் ஒன்றை வாங்கினார் (பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான்). இரண்டாம் பக்கத்திலேயே பன்னிரண்டு காலங்களுக்கும் கட்டம் போட்ட அட்டவணை. 'ஐ ஷால் ஹேவ் பீன் கோயிங்' என்று வரவேற்பு மேசையில் யாரிடம் சொல்வது?

இந்தத் தளத்தில் அந்த மிரட்டல் இல்லை. ஐரோப்பா முழுக்கப் பயன்படுத்தும் ஏ1 முதல் சி2 வரையான ஆறு படி அளவுகோலை வைத்துத்தான் பாடங்களைப் பிரித்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது ஆரம்ப நிலையான ஏ1-ஏ2 பகுதி. ஒவ்வொரு பாடத்திலும் முதலில் சில எடுத்துக்காட்டுகள், உடனே ஒரு சின்னப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் விளக்கம், கடைசியில் இன்னொரு பயிற்சி. விதியைச் சொல்வதற்கு முன்பே செய்து பார்க்க விடுகிறார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கே இடறுகிறோம் என்று தெரிந்த பிறகு விளக்கத்தைப் படித்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று மனதில் நிற்கிறது.

ஆனால் உலகம் முழுக்க எல்லோருக்கும் பொதுவாக எழுதியது இது. தமிழ் பேசுகிறவர் எங்கே வழுக்குவார் என்று அதில் இருக்காது, அதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாடங்களையும் இருக்கிற வரிசையில் படிக்காமல், நமக்குத் தடுக்குகிற வரிசையில் எடுத்துக்கொள்வது நல்லது.

முதலில் 'டு பி' (ஆம், இஸ், ஆர்) பாடம். தமிழில் 'அவர் டாக்டர்' என்றால் முடிந்தது, வினைச்சொல்லே வேண்டாம். அதனால்தான் அக்கா வாயில் 'ஹி டாக்டர்' என்று வந்தது. ஆங்கிலத்தில் நடுவில் ஒரு 'இஸ்' இல்லாமல் அது வாக்கியமே ஆகாது. அடுத்தது எழுவாய். 'சாப்பிட்டேன்' என்றாலே யார் சாப்பிட்டது என்று விகுதி சொல்லிவிடுகிறது, ஆங்கில வினைக்கு அந்தத் திறமை கிடையாது, ஆகவே ஆளை முன்னால் நிறுத்தியே ஆகவேண்டும். மழை பெய்தால்கூட 'இட்' என்று ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அது யார் என்று கேட்கக்கூடாது!

இதையெல்லாம் விடப் பெரிய குழப்பம் 'எனக்கு'. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு இரண்டு பையன்கள். மூன்றும் நமக்கு ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன. ஆங்கிலத்திலோ 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ ஹேவ் டூ சன்ஸ்' என்று ஆளுக்கொரு வழியில் போகின்றன. இதற்கென்று தனிப் பாடம் தேடாதீர்கள், மூன்று பாடங்களிலிருந்து பொறுக்கி எடுத்து நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். 'ஹேவ் காட்' என்றொரு பாடமும் உண்டு, அது பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் அதிகம் புழங்குவது. நமக்கு வெறும் 'ஹேவ்' போதும்.

அப்புறம் கேள்விகள். நாம் கடைசியில் ஒரு 'ஆ' சேர்த்து வேலையை முடித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் 'யூ ஹேவ் அப்பாயின்ட்மென்ட்டா?' என்று பாதி மருத்துவமனையே கேட்டுக்கொண்டிருக்கிறது. 'டூ யூ ஹேவ்' என்று முன்னால் ஒன்றை வைக்கும் வழக்கத்தைக் கேள்விப் பாடம் நன்றாகவே பிடித்துக்கொடுக்கிறது. 'தி டாக்டர் கம்ஸ் அட் டென்' என்பதில் இருக்கும் அந்த 'ஸ்', கேள்வியாக மாறும்போது வினையை விட்டுவிட்டு 'டஸ்'ஸில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதை மட்டும் இரண்டு மூன்று தடவை திரும்பப் படிக்க வேண்டும்.

பயிற்சிகளைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம், ஒரு வாக்கியத்தை வாயிலிருந்து வரவழைப்பது வேறு வேலை. அக்கா ஒவ்வொரு பாடத்துக்கும் தன் மேசையில் தேவைப்படும் ஐந்து வாக்கியங்களைச் சொந்தமாக எழுதி, சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறார். அது இல்லாமல் மதிப்பெண் முழுசாக வாங்கினாலும் வாய் திறக்காது. எடுத்துக்காட்டுகளில் 'ஐம்', 'டோன்ட்' போன்ற சுருக்க வடிவங்கள் நிறைய வரும், ஆரம்பத்தில் அவற்றை விரித்து எழுதிப் பழகுங்கள்.

ஏ1-ஏ2 முடிந்ததும் அடுத்த படியான பி1-க்கு ஓட வேண்டியதில்லை. அக்கா கேள்விப் பாடத்திலிருந்து நேராக 'பாஸ்ட் சிம்பிள்' (சாதாரண இறந்தகாலம்) பக்கம் போய்விட்டார், 'சொட்டு மருந்து விட்டார்களா?' என்றுதான் அங்கே நாள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கிறதாம்.