'டபிள்யூ3சி தரத்தில் செய்து தருகிறோம்' என்று கொட்டேஷன் வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கரூரில் பெட்ஷீட், டவல், கிச்சன் துணி தயாரித்து ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. கூடவே உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு ஆன்லைனில் சில்லறை விற்பனையும் உண்டு. போன வருடம் வெப்சைட்டைப் புதுப்பிக்கவும், பையர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அனுப்ப மெயில் டெம்ப்ளேட் செய்யவும் ஒரு வெப் டிசைன் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்து பெரிய பிரயோஜனமும் இல்லை. இதே வாசகத்தோடு கொட்டேஷன் கொடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

வாசகம் இதுதான்: "100% டபிள்யூ3சி ஸ்டாண்டர்ட், எல்லா மெயில் கிளையன்டிலும் ஒரே மாதிரி தெரியும்." மெயில் கிளையன்ட் என்றால் அவுட்லுக், ஜிமெயில் போல மெயிலைத் திறந்து படிக்கும் மென்பொருள். இதற்காகவே மற்றவர்களைவிடக் கூடுதல் விலை. 60 சதவீதம் அட்வான்ஸ், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. பிறகு வந்த இன்வாய்ஸில் 'டபிள்யூ3சி சர்டிஃபிகேஷன் கட்டணம்' என்று தனியாக ஒரு வரி வேறு.

அந்த வரியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டபிள்யூ3சி என்பது டிம் பெர்னர்ஸ்-லீ 1994ல் தொடங்கிய அமைப்பு. வலைக்கான தரங்களை எழுதி வெளியிடுவது அதன் வேலை. உங்கள் வெப்சைட்டைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையை அது செய்வதில்லை. கோடில் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வேலிடேட்டர் வைத்திருக்கிறது. அது இலவசம், யாரும் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தரத்தையே 2019லிருந்து வாட்டபிள்யூஜி என்ற குழுதான், டபிள்யூ3சியுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பராமரித்து வருகிறது. ஆக 'சர்டிஃபிகேஷன் கட்டணம்' யாருக்குப் போயிற்று என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இனி மெயில் கதை. புது டிசைன்களின் விலைப்பட்டியலை ஐரோப்பிய பையர்களுக்கு அனுப்பினோம். அனுப்பும் முன் டிசைன் நிறுவனம் எங்களுக்குக் காட்டியது குரோம் பிரவுசரில் திறந்து வைத்த ஒரு பக்கம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம், ஓரம் வளைந்த பச்சைப் பட்டன், அடர்நீலத் துணிப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் விலைகள். பார்க்க நன்றாகவே இருந்தது. ஜெர்மனியில் எங்களிடம் டவல் வாங்கும் நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர், தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். கூடவே ஒரே கேள்வி: விலை எங்கே?

ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு டவல் படம் திரையின் அகலத்தையும் தாண்டி ஓடியது. டவலின் ஓரத்தையல் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டாவது படம் எங்கோ கீழே. பட்டன் இருந்த இடத்தில் அடிக்கோடு போட்ட வெறும் நீல எழுத்து. விலைப்பட்டியல் இருந்த இடம் காலி. மவுஸால் அந்தக் காலி இடத்தை இழுத்துத் தேர்வு செய்தால் மட்டும் விலைகள் எட்டிப் பார்க்கும் என்று அவரே கண்டுபிடித்து எழுதியிருந்தார். பின்னணிப் படம் வரவில்லை, எழுத்து மட்டும் வந்திருக்கிறது. வெள்ளையின் மேல் வெள்ளை.

நிறுவனத்தின் புராஜெக்ட் மேனேஜருக்கு போன் போட்டேன். "சார், எங்க சைடுல எல்லாம் கரெக்டாதான் இருக்கு. வேலிடேட்டர்ல பாருங்க, ஒரு எரர் கூட இல்ல. அவுட்லுக்தான் ஸ்டாண்டர்ட ஃபாலோ பண்ணாது" என்றார். பச்சை நிறத்தில் 'பிழை எதுவும் இல்லை' என்று வந்த ரிசல்ட்டையும் வாட்ஸப்பில் அனுப்பி வைத்தார்.

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இந்த ஏமாற்றே அதில்தான் இருக்கிறது. விண்டோஸில் ஓடும் அவுட்லுக் 2007க்கு முன்பு மெயிலை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எஞ்சினை வைத்துக் காட்டியது. 2007 பதிப்பிலிருந்து, கடிதம் டைப் அடிக்கும் வேர்டின் எஞ்சினுக்கு மாறிவிட்டது. 2009ல் வலை வடிவமைப்பாளர்கள் ட்விட்டரில் பெரிய கண்டனமே நடத்தினார்கள், மைக்ரோசாஃப்ட் அசையவில்லை. இப்போது வரும் புது அவுட்லுக் வேறு வகை. ஆனால் பழையது இன்னும் ஏராளமான ஆபீஸ்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கள் பையர் ஆபீஸ் உட்பட. படங்களையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் ஃப்ளெக்ஸ், கிரிட் எதுவும் வேர்டுக்குத் தெரியாது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் அதிகபட்ச அகலம் என்று எழுதினால் கண்டுகொள்ளாது. படத்துக்கான எச்டிஎம்எல் குறியிலேயே (டேக்) அகலத்தை எண்ணாகப் போடாவிட்டால் படத்தை அதன் அசல் அளவிலேயே காட்டிவிடும். எங்கள் படத்தின் அசல் அகலம் 2400 பிக்சல். சிஎஸ்எஸ் பின்னணிப் படம் வராது, ஓரம் வளையாது. இரண்டுக்கும் விஎம்எல் என்ற பழைய மைக்ரோசாஃப்ட் மொழியில் அவுட்லுக்குக்கு மட்டும் தனியாக எழுத வேண்டும். இவை மெயில் டெம்ப்ளேட் செய்து பிழைப்பவர்களுக்கு அரிச்சுவடி. 'எல்லா மெயில் கிளையன்டிலும்' என்று எழுதிக் கொடுத்துக் காசு வாங்கியவர், அவுட்லுக் அப்படித்தான் என்று பிறகு நமக்கே பாடம் எடுக்கிறார்.

பின்னால் கோயம்புத்தூரில் தனியாக வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கொடுத்துச் சரி செய்தோம். அவர் செய்த மெயில் முழுக்க டேபிளுக்குள் டேபிள். அலைன்மென்ட், அகலம், பின்னணி நிறம் எல்லாம் பழைய பாணியில் டேகிலேயே எழுதியது. அதே வேலிடேட்டரில் போட்டால் வழக்கொழிந்த முறை என்று சிவப்பாக வரிசை கட்டி நிற்கிறது. "அண்ணா, பயப்படாதீங்க, மெயிலுக்கு இப்படித்தான் எழுதணும்" என்று சிரித்தார். அவுட்லுக்கில் ஒழுங்காகத் தெரிந்ததும் அந்த மெயில்தான். மெயிலுக்கென்று தனி எச்டிஎம்எல் தரம் எதையும் டபிள்யூ3சி வெளியிடவில்லை. மெயில் டெம்ப்ளேட்டை டபிள்யூ3சி தரம் என்று சொல்லி விற்பவருக்கு விஷயம் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று தெரியும்.

நாங்கள் 500 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 500 கிராம்) டவல் என்று சொல்லி அனுப்பினால், பையர் கட்டரை வைத்து வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் போட்டுப் பார்ப்பார். எடை குறைந்தால் சரக்கு திரும்பும். டிசைன் நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனில் இருந்த தரத்துக்கு எந்தத் தராசு என்று எங்கேயும் எழுதவில்லை. அதனால் அவர்கள் ஜெயிக்கும் தராசை அவர்களே எடுத்து வந்தார்கள்.

தீபாவளி மெயில் இதைவிடக் கூத்து. அது தமிழில், உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு. ஜிமெயிலில் திறந்தவர்களுக்கு ஒரு படம்கூடத் தெரியவில்லை, பாதியிலேயே மெயில் வெட்டுப்பட்டு நின்றது. படங்களை சர்வரில் வைத்து இணைப்புக் கொடுக்காமல், பேஸ்64 எழுத்துச் சரமாக மாற்றிக் கோடுக்குள்ளேயே திணித்திருந்தார்கள். அப்படித் திணித்த படங்களை ஜிமெயில் காட்டாது. படத்தின் எடையும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மெயிலின் எச்டிஎம்எல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டிவிட்டு, முழுதும் பார்க்க ஒரு லிங்க் மட்டும் வைக்கும். எங்கள் முகவரியும், இனி மெயில் வேண்டாம் என்று சொல்லும் லிங்க்கும் அந்த வெட்டுக்குக் கீழே போய்விட்டன. வேண்டாம் என்று சொல்ல வழி தெரியாதவர் என்ன செய்வார்? ஸ்பேம் பட்டனை அமுக்குவார். அமுக்கினார்கள்.

தெரிந்த பாதியிலும் தமிழ் இல்லை. எங்கள் பழைய கேட்டலாக் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் செய்தது. டிடிபி வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும்: பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம் மட்டும் போர்த்தியிருக்கும். 'தமிழ்' என்ற சொல் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதை, எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற இலவச மாற்றிகள் எத்தனையோ உண்டு. மாற்றாமல் கேட்டலாக் எழுத்தை அப்படியே ஒட்டி, எழுத்துருவை மட்டும் சைட்டிலிருந்து இழுத்துக் காட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து இழுக்கும் அந்த எழுத்துருவை ஜிமெயில் ஏற்காது. ஆகவே தீபாவளி வாழ்த்து ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போய்ச் சேர்ந்தது. வைரஸ் வந்துவிட்டதா என்று கேட்டு ஒரு அக்கா போன் செய்தார்.

சரி, மெயிலில்தான் இப்படி என்று சைட்டைப் பார்த்தால் அங்கேயும் தமிழ்ப் பக்கங்கள் முழுக்க அதே பாமினி. கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. 'கரூர் பெட்ஷீட்' என்று தமிழில் கூகுளில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் பக்கத்தில் தமிழே இல்லை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகப் படிக்கும். வேலிடேட்டர் மட்டும் குறை சொல்லாது. அதன் பார்வையில் எல்லாம் ஒழுங்கான எழுத்துகள். உங்கள் சைட்டில் சந்தேகம் இருந்தால் ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் பிழைத்தீர்கள்.

சைட்டின் அடியில் ஒரு 'டபிள்யூ3சி வேலிட்' முத்திரை இருந்தது. அது வெறும் படம். முறையாக வைத்தால் அதை அழுத்தியதும் வேலிடேட்டருக்குப் போய் அந்தப் பக்கத்தையே சோதித்துக் காட்டும். இதை அழுத்தினால் எங்கேயும் போகவில்லை. முத்திரையில் இருந்தது எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 என்று; அது 2000ல் வந்த தரம். எங்கள் பக்கம் எழுதப்பட்டிருந்ததோ எச்டிஎம்எல்5ல். முத்திரையையாவது சரியாகத் திருடியிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் கூடுதல் சரக்கு விற்க வந்தார்கள். "ஐரோப்பாவுல சட்டம் வந்துடுச்சு சார், இந்த விட்ஜெட் போடலன்னா உங்க பையர் ஆர்டர நிறுத்திடுவாங்க." சட்டம் வந்தது நிஜம்தான். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் ஆன்லைன் விற்பனையில் அது நுகர்வோருக்கு நேரடியாக விற்பவர்களுக்கானது. கன்டெய்னரில் மொத்தமாக அனுப்பும் எங்கள் வியாபாரத்துக்கு அது வராது. விட்ஜெட் என்பது மூலையில் வந்து நிற்கும் ஒரு பொம்மை. அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். இப்படிப்பட்ட கருவியைப் பொருத்தினால் எந்தச் சைட்டும் அணுகல்தன்மைத் தரத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை, 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இத்தனைக்கும் எங்கள் சைட்டில் போனில் விரலால் பெரிதாக்குவதையே அவர்கள் தடுத்து வைத்திருந்தார்கள். வெளிர் சாம்பல் எழுத்து வேறு. டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மைத் தரப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். இந்த இரண்டையும் திருத்த விட்ஜெட் தேவையில்லை.

டொமைனும் (சைட்டின் இணையப் பெயர்) அவர்கள் பெயரில்தான் இருந்தது. இது மெயிலையும் பாதித்தது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும். நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும், அதோடு டிமார்க்கும் வேண்டும். மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க உதவும் இவையெல்லாம், டொமைனின் டிஎன்எஸ் என்ற பதிவேட்டில் எழுதும் வரிகள். பாஸ்வேர்டு அவர்களிடம். பாக்கி 40 சதவீதம் வந்தால்தான் தருவோம் என்று இழுத்தடித்தார்கள்.

நீங்கள் வேலை கொடுப்பதாக இருந்தால், 'தரம்' என்ற சொல்லை அடித்துவிட்டு எதில் சோதிப்பது என்று எழுதி வாங்குங்கள். மெயிலுக்கு: விண்டோஸில் பழைய அவுட்லுக், புது அவுட்லுக், ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில், ஐபோன் மெயில். ஒவ்வொன்றிலும் நிஜமாக அனுப்பித் திறந்த ஸ்கிரீன்ஷாட் வேண்டும், பிரவுசரில் திறந்தது செல்லாது. படங்களைத் தடுத்து வைத்த நிலையிலும் ஒன்று கேளுங்கள். விலையும் போன் நம்பரும் அப்போதும் படிக்கும்படி இருக்க வேண்டும். கோடு 102 கேபிக்குள். தமிழ் ஒருங்குறியில். டொமைன், டிஎன்எஸ் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில். அட்வான்ஸை 30 சதவீதத்துக்கு மேல் ஏற விடாதீர்கள். எதில் வேண்டுமானாலும் ஒரே மாதிரி தெரியும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். வேலை தெரிந்தவர் அதைச் சொல்ல மாட்டார். அவுட்லுக்கில் ஓரம் வளையாது, பரவாயில்லையா என்று நம்மிடமே கேட்பார்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று பலர் சொன்னார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. ஏற்றுமதி நிறுவனம் என்று போனால் அந்த விலக்கு நிற்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஒரு ஆள் நடத்தும் கடை என்றால் நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். எங்களுக்கு நோட்டீஸ் வழிதான். நோட்டீஸ் போன பிறகு டொமைன் கைக்கு வந்துவிட்டது. சர்டிஃபிகேஷன் கட்டணத்துக்கு டபிள்யூ3சி கொடுத்த ரசீதைக் காட்டுங்கள் என்றும் அதில் கேட்டிருக்கிறோம். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.