குல்மார்க் குளிருக்கு வாங்கிய ஜாக்கெட், பாம்பன் காற்றில் படும் பாடு

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் இந்த டிசம்பரில் காஷ்மீர் குல்மார்க்கில் ஓட்டல் வேலைக்குப் போகிறான். பனி கொட்டும் லீவு நாளில் கதகதப்பாக இருக்க என்னென்ன வாங்கணும் அண்ணே என்று கேட்டான். என் ஜாக்கெட் ஜிப்புக்கு மறுபடியும் ரன்னர் (இழுத்து மூடும் பிடி) மாற்றிவிட்டு வந்த கடுப்பில் இருக்கும்போது கேட்டுவிட்டான்.

இறகு ஜாக்கெட் அது. சூட்டில் குறையே சொல்ல முடியாது. டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் நீளும் சில்லாய் கலான் குளிரிலும் நெஞ்சுக்கு ஒன்றும் ஆனதில்லை. எடையும் இல்லை, மடித்தால் சின்னப் பைக்குள் அடங்கும்.

ஆனால் அந்த ஜிப் இருக்கிறதே! சீசன் முடிந்து பாம்பனுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தால், அடுத்த முறை எடுக்கும்போது ரன்னர் வெள்ளைப் பொடி பூத்து இறுகிக் கிடக்கும். பல் நைலான், அதற்கு ஒன்றும் வராது. ரன்னர் துத்தநாகக் கலவை, உப்புக் காற்று அதைத் தின்றுவிடுகிறது. உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே காரைக்குடி சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் நமக்குப் பக்கத்தில் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊர் இது. கம்பெனிக்காரனுக்கு அது எங்கே தெரியும், அவன் பனிக்குத்தான் தைத்தான். சரி, நியாயம்தான். இருந்தாலும் அவ்வளவு விலை வாங்கினவன் ஒரு நல்ல ரன்னர் போட்டிருக்கலாம். இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் தையல்காரர், "என்னண்ணே, தலகாணியத் தச்சுப் போட்டிருக்கீக" என்று சிரித்தபடிதான் மாற்றிக் கொடுத்தார்.

மற்றதெல்லாம் தொல்லையில்லை. உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், கம்பளியோ பாலியெஸ்டரோ. நம் பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் முதுகு சில்லிடும். தெர்மல் மேல் ஃப்லீஸ், அதாவது புசுபுசு பாலியெஸ்டர் சட்டை. காலுக்குக் கம்பளி சாக்ஸ், ஆனால் ஷூ இறுகக் கூடாது, விரல் அசையாவிட்டால் எத்தனை சாக்ஸ் போட்டும் பலனில்லை.

லீவு நாளில் நான் ஜாக்கெட்டைத் தொடுவதே இல்லை. தெர்மல் பேண்டுக்கு மேல் கீழக்கரையில் வாங்கிய கைலி, ஃப்லீஸ், அதற்கு மேல் உள்ளூர்க்காரர்கள் போடும் ஃபெரன். தொளதொள என்று முழங்கால் வரை தொங்கும் கம்பளி அங்கி. கையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடைபட்ட காற்றே சூடாகிவிடும். முக்கியமாக, ஜிப் கிடையாது. காஷ்மீரிகள் உள்ளே காங்கிரி என்ற நெருப்புச் சட்டியையும் வைத்துக்கொள்வார்கள். ஃப்லீஸ் போட்டிருக்கும்போது அது வேண்டாம், ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டையாகும். கைலியோடு வாசலைத் தாண்டவும் கூடாது. ஓரம் பனியில் நனைந்தால் அப்புறம் கெண்டைக்காலில் ஐஸ்தான்.

ஆகவே தம்பி, அந்த ஜாக்கெட்டை வாங்காதே. ஃபெரனை அங்கே போய் வாங்கிக்கொள். வெளிவேலைக்கு ஜாக்கெட் இல்லாமல் முடியாது என்பாய், முடியாதுதான். அப்போது பெரிய பிளாஸ்டிக் பல்லும் பிளாஸ்டிக் ரன்னரும் உள்ளதாகப் பார். ஊருக்கு வரும்போது அதையும் அமுக்கி மடிக்காமல் தொங்கவிடு, நாள்பட நசுங்கிக் கிடந்தால் இறகு எழும்பாது. என் ஜாக்கெட்டைப் பாதி விலைக்குக் கேட்டிருக்கிறாய். தர மாட்டேன், ஜனவரியில் எனக்கு வேண்டும்.