கடலூரில் எடுத்த பயாப்ஸி, கோரிமேட்டில் கிடைத்த விடை

இம்முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த நேரத்தில், திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அக்காவுக்கு மார்பகக் கட்டியில் ஊசி வழியாக பயாப்ஸி எடுத்திருந்தார்கள். உள்ளூர்த் தனியார் ஆய்வகத்தின் அறிக்கை, ‘கதிர் வடிவச் செல்கள் நிறைந்த கட்டி, ஃபில்லோட்ஸ் அல்லது மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமாவாக இருக்கலாம், ஐ.எச்.சி. செய்து பார்க்கவும்’ என்று நின்றுவிட்டது. ஃபில்லோட்ஸ் என்பது மார்பகத்தின் இணைப்புத் திசுவில் உருவாகும் அரிய கட்டி; மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா மார்பகப் புற்றுநோயில் ஓர் அரிய வகை; ஐ.எச்.சி. என்பது செல்களிலுள்ள புரதங்களைச் சாயமேற்றிக் கண்டறியும் சோதனை. ஊசியில் வரும் நூலளவு சதையை வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், துணிந்து ஒரு பெயரை எழுதிவிடாமல் விட்டதை நான் நேர்மையென்றே கருதுகிறேன்.

பயாப்ஸி சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைக் கேட்டபோதுதான் அலைச்சல் தொடங்கியது. மேல் பரிசோதனைக்காக நோயாளி தரப்பு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கலாம் என்பதே அங்கிருந்தவர்களுக்குப் புதிய செய்தி போலிருந்தது. கடைசியில் ஒரு டெக்னீஷியன், பென்சிலால் எண் எழுதிய சிறு பிளாஸ்டிக் கேசட்டை மாமாவிடம் கொடுத்து, “வண்டி டிக்கியில வெச்சிடாதீங்க சார், வெயில்ல மெழுகு இளகிடும்” என்றார். அந்த ஆய்வகத்தில் உருப்படியான ஆலோசனை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் சீட்டுப் போடும் வரிசை நீளம்; விடியலிலேயே பேருந்து ஏறிவிட வேண்டும். ஆனால் நோயியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சைட்டோகெரட்டின், பி63 சாயங்கள் ஏறினால் மெட்டாபிளாஸ்டிக் பக்கம் சாயலாம். சிடி34 ஏறினால் ஃபில்லோட்ஸை நினைக்க வேண்டும். ஆனால் ஒரே சாயத்தை நம்பி முடிவெடுப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்களில் மெட்டாபிளாஸ்டிக் வகை நூற்றுக்கு ஒன்றைக் காட்டிலும் குறைவு என்றாலும், ஃபில்லோட்ஸ் நெறிக்கட்டிகளுக்குப் பரவுவது அரிதாகையால் அறுவைத் திட்டமும் கீமோ பற்றிய முடிவும் இதைப் பொறுத்தே மாறுகின்றன.

சதையை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் எப்போது போட்டார்கள் என்றும் அவர் கேட்டார். சிகிச்சையை முடிவு செய்ய உதவும் இரண்டு ஹார்மோன் ஏற்பிகளையும் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன்) ஹெர்2 என்ற ஏற்பியையும் நம்பிக்கையாகப் பார்க்க 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் ஊறியிருக்க வேண்டுமாம். ஆய்வகப் படிவத்திலோ நேரத்துக்கான கட்டம் காலியாகவே கிடந்தது. மாமா அந்த ஆய்வகத்துக்குப் பலமுறை தொலைபேசியில் பேசிய பிறகே நேரம் தெரிந்தது.

முடிவு மெட்டாபிளாஸ்டிக் என்றே வந்தது. இவ்வகையில் பெரும்பாலும் காணப்படுவதுபோல மூன்று ஏற்பிகளும் நெகட்டிவ். அக்காவின் சிகிச்சையை அங்கேயே தொடர முடிவு செய்து, பிளாக்கையும் அவர்களிடமே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டோம்.