சோபா பஞ்சுக்கும் மீன் பெட்டிக்கும் ஒரே எண்ணெய் சரிப்படுமா?

வண்ணார்பேட்டைல சோபாவுக்கு வாங்குற பஞ்சும் சரி, உவரில மீனுக்கு வச்சிருக்க ஐஸ்பெட்டியோட சுவத்துக்குள்ள இருக்கதும் சரி, பாலியூரித்தேன் ஃபோம்தான், ஆனா ஒண்ணு அமுக்குனா எந்திரிக்கணும், இன்னொண்ணு அமுங்கவே கூடாது. ஃபோம் செய்ய கலக்குற ரெண்டு சரக்குல ஒண்ணு பாலியால், பெட்ரோலியத்துல இருந்து வர்ற அதுக்கு பதிலா தாவர எண்ணெய ஊத்தலாம்னு சொல்லுதாங்கல்லா, அதுல எது எதுக்கு தேறும்ங்கதுதான் கேள்வி. (இன்னொரு சரக்கு ஐசோசயனேட், அது பொதுவா இன்னும் பெட்ரோலியத்துல இருந்துதான் வருது, அதனால முழுசும் செடின்னு எவனாவது வித்தா நம்பாதீங்க அண்ணாச்சி.)

விளக்கெண்ணெய்க்கு ஒரு பெரிய சவுகரியம், கிட்டத்தட்ட 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம், ஐசோசயனேட்டோட ஒட்டிக்கிடுற ஹைட்ராக்சில் (OH) பிறவியிலேயே இருக்கு, அப்படியே கலக்கலாம். ஆனா ஹைட்ராக்சில் எவ்வளவு இருக்குன்னு காட்டுற ஹைட்ராக்சில் எண் 160 பக்கம். மெத்தைக்கு 56க்குள்ள போதும், கெட்டி ஃபோமுக்கு 300க்கு மேல வேணும், இது ரெண்டுங்கெட்டான், தனியா ஊத்துனா அரைக்கெட்டியாத்தான் நிக்கும். கிளிசரின் சேத்தா சங்கிலிகளுக்கு நடுவுல பாலம் போடுற குறுக்குப்பிணைப்பு கூடி அமுக்குவலிமை ஏறும், அளவுக்கு மீறுனா விரல வச்சு தேய்ச்சாலே பொடியா உதிரும்.

சோயாவுல ஹைட்ராக்சிலே கிடையாது, இரட்டைப்பிணைப்ப எபாக்சியாக்கி (ஆக்சிஜன் சேத்த வளையமாக்கி), அந்த வளையத்த ஒடச்சு கொண்டாரணும், செலவுதான். பாமாயில் அதவிட மோசம், இரட்டைப்பிணைப்பு எவ்வளவுன்னு காட்டுற அயோடின் எண் சோயாவுக்கு 130 பக்கம்னா இதுக்கு 50 சொச்சம், ஹைட்ராக்சில் ஏத்தவே எடம் பத்தாது.

எல்லா எண்ணெய்க்கும் பொதுவா ஒரு வியாதி இருக்கு. ரிசினோலிக்ல ஹைட்ராக்சில் 12வது கார்பன்ல, அதுக்கப்புறம் இருக்க 6 கார்பன் வால் மாதிரி சும்மா தொங்கும், பாரம் தாங்காது, ஃபோம இளக்கத்தான் செய்யும். பெட்ரோலிய பாலியால்ல ஹைட்ராக்சில் நுனியில, முழு சங்கிலியும் சுமக்கும், அதுவும் மெத்தைக்குன்னு செய்யுறது மூலக்கூறு எடை 3000க்கு மேல, எண்ணெய் 1000 பக்கம்தான், அதனால துள்ளல்ல எண்ணெய் தோத்துரும். ஃபோர்டு 2008 மஸ்டாங் சீட்டுல சோயா போட்டாங்களே, அதுலயும் பாலியால்ல ஒரு பங்குதான் சோயா.

ஒப்பிடும்போது டென்சிட்டி ஒண்ணா இருக்கணும் பாத்துக்கிடுங்க, கனமீட்டருக்கு 30 கிலோவையும் 40 கிலோவையும் பக்கத்துல வச்சுட்டு எண்ணெய குத்தம் சொல்லக்கூடாது. கெட்டி ஃபோம்ல பொங்கி எழும்புன திசைல அமுக்குனா வலிமை கூட வரும், ஏன்னா ஃபோமுக்குள்ள இருக்க குட்டி குட்டி அறையெல்லாம் அந்தப் பக்கமா நீண்டு கிடக்கும், அதையும் கேட்டுக்கிடணும்.

என்னைக் கேட்டா ஐஸ்பெட்டிக்கு கிளிசரின் சேத்த விளக்கெண்ணெய், சோபாவுக்கு பெட்ரோலியத்தோட கொஞ்சம் சோயா. பாமாயில் அப்பளம் பொரிக்கட்டும்.