தட்கலா, பிரீமியம் தட்கலா: பெர்த் யாருக்குக் கிடைக்கிறது?

பொங்கலுக்கு முந்தைய வாரம், காலை 11 மணி. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஸ்லீப்பரில் ஒரே ஒரு பெர்த் தேவைப்பட்டது. பெயர், வயதெல்லாம் முன்பே நிரப்பி வைத்திருந்தும், பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள், அவசரப் பயணத்துக்கென்று ஒதுக்கிய தட்கல் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விட்டது. அதே ரயிலில், அதே ஸ்லீப்பரில், பிரீமியம் தட்கலில் மட்டும் இன்னும் இடம் காட்டியது. ஒன்றில் தீர்ந்துவிட்டது, இன்னொன்றில் மிச்சம். ஏன்?

எல்லாம் கட்டணம் போடும் முறையால்தான். சாதாரண தட்கலில், ஸ்லீப்பருக்கும் ஏசிக்கும் அடிப்படைக் கட்டணத்தோடு 30 சதவீதம் கூடுதல். ஸ்லீப்பருக்கு அது குறைந்தது 100, அதிகபட்சம் 200 ரூபாய். தேர்டு ஏசிக்கு 300 முதல் 400 வரை. முதலில் வாங்குபவருக்கும் கடைசியில் வாங்குபவருக்கும் ஒரே தொகை. அவசரத்துக்கு 200 ரூபாய் கூடக் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை, அதனால் எல்லோரும் ஒரே நிமிடத்தில் மோதுகிறார்கள். யாருக்குக் கிடைக்கும் என்பதை வேகம்தான் முடிவு செய்கிறது. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும், முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்கும் அனுமதியில்லை. நல்ல மாற்றம்தான். ஆனால் அதனால் பெர்த் ஒன்றுகூட அதிகமாகவில்லையே.

பிரீமியம் தட்கல் 2014-ல் வந்தது. இதற்கென்று புதிதாக ஒரு பெட்டியைச் சேர்க்கவில்லை. தேர்ந்தெடுத்த ரயில்களில், தட்கலுக்கு ஒதுக்கிய இடங்களிலேயே ஒரு பங்கைப் பிரித்து இதற்குக் கொடுத்தார்கள். இங்கே டிக்கெட் விற்க விற்க விலை ஏறும். வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. இடம் இருந்தால் உறுதியான டிக்கெட், இல்லாவிட்டால் இல்லை. விலை ஏறுவதைப் பார்த்துப் பலர் பின்வாங்குவதால்தான் அது மெதுவாகத் தீர்கிறது. திரையில் தெரியும் அந்த 'மிச்சம்', முக்கால்வாசிப் பேரால் வாங்க முடியாமல் நிற்கும் மிச்சம். எனக்கு இதில் வருத்தம் உண்டு, அதுவும் ஸ்லீப்பர் வகுப்பில். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிப் பார்த்துச் செலவு செய்பவர்கள் போகும் பெட்டி அது.

ராஜதானி, துரந்தோ ரயில்களில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். 2016 செப்டம்பரில் அங்கே ஃபிளெக்ஸி கட்டணம் வந்தது. பத்து சதவீத இடம் விற்றால் கட்டணம் பத்து சதவீதம் ஏறும். தேர்டு ஏசியில் அதிகபட்சம் 1.4 மடங்கு. அடிப்படைக் கட்டணம் 1,000 ரூபாய், இடங்கள் 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்துப் பேருக்கு 1,000, அடுத்த பத்துப் பேருக்கு 1,100. இப்படியே போய், 41-ஆவது ஆளிலிருந்து எல்லோருக்கும் 1,400. அதாவது நூறில் அறுபது பேர் உச்ச விலை கொடுக்கிறார்கள். அவ்வளவு கொடுப்பதற்குப் பதில் விமானத்தில் போகலாமென்று பலர் போய்விட, இடங்கள் காலியாக ஓடின. 2018-ல் கூட்டம் குறைவாக இருந்த 15 ரயில்களில் இந்த முறையையே எடுத்துவிட்டார்கள்.

சரி, எதை எடுப்பது? தேதி முன்கூட்டியே தெரிந்தால் இரண்டுமே வேண்டாம். 60 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும் காலையிலேயே எடுத்துவிடுங்கள். ஃபர்ஸ்ட் ஏசி கூபேதான் (இருவர் மட்டும் போகும் தனி அறை) வேண்டும் என்பவர்களுக்கும் இதுதான் வழி, அந்த வகுப்பில் தட்கலே கிடையாது.

குடும்பத்தோடு நாலு பேர் அவசரமாகப் போக வேண்டுமென்றால் முதலில் தட்கலை முயலுங்கள். நாலு டிக்கெட்டுக்கும் பிரீமியம் விலை கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஒருவர் மட்டும், ஆஸ்பத்திரி, துக்கம் என்று போயே ஆக வேண்டுமென்றால், தட்கலில் நேரத்தைக் கடத்தாமல், முன்பதிவு திறந்ததுமே நேராகப் பிரீமியத்துக்குப் போய்விடுங்கள். விலை அப்போதுதான் குறைவாக இருக்கும். பத்து நிமிடம் தட்கலில் போராடிவிட்டு வந்தால் ஏறிய விலைதான் கிடைக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

தட்கல் வெயிட்டிங் லிஸ்டை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், போடும்போது பொது வெயிட்டிங் லிஸ்டில், அதாவது சாதாரண முன்பதிவில் காத்திருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. விலை ஏறி விற்காமல் நின்ற பிரீமியம் பெர்த்துகூட, அப்போது பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு முன் சாதாரணக் கட்டணத்தில் எடுத்துக் காத்திருந்தவருக்குத்தான் போய்ச் சேரும்.