பாலிமர் கைத்துப்பாக்கிக்கு மும்மடங்கு விலை தகுமா? நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவில் 600 டாலரை ஒட்டிய விலைக்குக் கிடைக்கும் கிளாக் 19 என்ற பாலிமர் (உறுதியான பிளாஸ்டிக்) சட்டகக் கைத்துப்பாக்கியின் வடிவமைப்பைப் பின்பற்றித் தனிப் பட்டறை ஒன்று உருவாக்கி, ஏறத்தாழ மூன்று மடங்கு விலைக்கு விற்ற கைத்துப்பாக்கியை, டெக்சஸின் சுடுதளங்களிலும் உள்ளூர்ப் போட்டிகளிலும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மாற்றம் எதுவும் செய்யப்படாத ஐந்தாம் தலைமுறை கிளாக் 19 ஒன்றும் என்னிடம் இருப்பதால், ஒரே தோட்டாவைக் கொண்டு இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டு ஒப்பிட முடிந்தது.

கையில் எடுத்தவுடன் தெரியும் வேறுபாடு ட்ரிகர்தான். கிளாக்கின் ட்ரிகரை அழுத்த ஏறத்தாழ 2.5 கிலோ விசை தேவை; அதன் இழுப்பில் ஒரு பஞ்சுத்தன்மை உண்டு. பட்டறைத் துப்பாக்கியில் இழுப்பு குறைவு, தடை எங்கே விடுபடுகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும், அடுத்த சுடுதலுக்கு ட்ரிகர் மீளும் தொலைவும் குறைவு. போட்டியில் கடிகாரத்தோடு மல்லுக்கட்டும்போது இது உண்மையான ஆதாயம். ஆனால் இடுப்பில் அணிந்து செல்ல நான் எடுப்பது கிளாக்கைத்தான். தனிப் பாதுகாப்புப் பொத்தான் இல்லாத இவ்வகைத் துப்பாக்கியில், உறையில் செருகும்போது சட்டை நுனி சிக்கினாலும் ஆபத்து என்பதால், அந்தக் கனமான இழுப்பை நான் குறையாகக் கருதவில்லை.

அடுத்தது, குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளிக் கருவியான ரெட் டாட்டைப் பொருத்தும் முறை. ரெட் டாட் பொருத்துவதற்கென்றே 2015-இல் அறிமுகமான கிளாக்கின் எம்ஓஎஸ் வகையில், துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடுக்கும் ரெட் டாட்டுக்கும் இடையே ஒரு தகடு வருகிறது. பல மாடல்களைப் பொருத்த அது வசதி என்றாலும், ரெட் டாட் சற்று உயர்ந்து நிற்கும், திருகுகளை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பட்டறையில் ஸ்லைடையே குடைந்து நேரடியாகப் பதித்திருப்பதால் அது தாழ்வாகவும் உறுதியாகவும் அமர்ந்திருக்கிறது. வேறு அடித்தள அளவுள்ள ரெட் டாட்டுக்கு மாற விரும்பினால் மட்டும் சிக்கல்தான். கிளாக் ஸ்லைடைத் தனியாக அனுப்பி இந்த ஒரு வேலையை மட்டும் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம் என்பதை விற்பனையாளர்கள் ஏனோ சொல்வதில்லை.

பட்டறைத் துப்பாக்கியின் பிடியில் சூடாக்கிப் பொறித்த சொரசொரப்பு, வியர்த்த கையில் நழுவாது. நீண்ட பயிற்சி நாளில் உள்ளங்கையைத் தேய்த்துவிடும். ஸ்லைடில் வெட்டிய சாளரங்கள் அழகுக்கே என்பது என் கருத்து. உயர்துல்லியக் குழலின் பயன், கையைத் தாங்கலில் ஊன்றி 25 கெஜத்தில் நிதானமாகச் சுட்டால் தெரிகிறது. நின்று வேகமாகச் சுடும்போது என் கையின் நடுக்கம் அந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

நம்பகத்தன்மையில் மலிவான துப்பாக்கிதான் முந்துகிறது. பட்டறைத் துப்பாக்கியின் பாகங்கள் இறுக்கமாகப் பொருந்துவதால், தொடக்கத்தில் விலை குறைந்த 115 கிரெயின் (ஏறத்தாழ 7.5 கிராம்) குண்டு எடையுள்ள தோட்டாக்களில் ஸ்லைடு முழுமையாக மூடாமல் நின்றது. பழகப் பழகச் சரியானது என்றாலும், அழுக்கு சேர்ந்தால் இன்றும் முதலில் முரண்டு பிடிப்பது அதுதான். 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கிளாக்கிலோ, தோட்டாக்களை அடுக்கிய மேகசினைச் செருகும் நுழைவாயிலின் அகன்ற விளிம்பும் மேம்பட்ட குழலும் தொழிற்சாலையிலேயே வந்துவிட்டன.

விற்க நினைப்பவருக்கு மற்றொரு கணக்கும் உண்டு: பழைய கிளாக்குக்கு எந்தக் கடையிலும் ஒரு விலை இருக்கிறது, பட்டறை வேலைக்குக் கொடுத்த தொகையில் பெரும்பகுதியை அடுத்து வாங்குபவர் தரமாட்டார். தொடர்ந்து போட்டிகளில் கலந்துகொண்டு, ட்ரிகரின் குறை தன் நேரத்தைத் தின்கிறது என்று கண்டவருக்கு மட்டுமே நான் பட்டறைத் துப்பாக்கியைப் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் அந்த ஆயிரத்துச் சொச்சம் டாலரில் நல்ல ரெட் டாட் ஒன்றையும் தோட்டாப் பெட்டிகளையும் வாங்கி, ஒரு பயிற்சி வகுப்பிலும் சேர்ந்துவிடலாம்.