கூகுள் ஃபார்ம்ஸிலிருந்து ஜேஎஸ்சைக் வரை: ராமநாதபுரம் கரையில் ஆறு வருட அனுபவம்

2019-இல் கீழக்கரையில் கூகுள் ஃபார்ம் என்ற இணையக் கேள்விப்படிவத்தோடு ஆரம்பித்தேன். அங்கிருந்து, பதில் சொல்லும் நேரத்தை அளக்கும் ஜேஎஸ்சைக் வரை வந்து சேர்ந்த கதை இது. கடலோரத்துப் பேச்சுச் சொற்கள் எந்த வயதுக்காரர்களிடம் எவ்வளவு புழக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. "உங்கள் வீட்டில் ஆணம் என்பீர்களா, குழம்பு என்பீர்களா?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். ஒரு வீட்டில் உம்மா திரையில் 'குழம்பு' என்ற பதிலைத் தொட்டுவிட்டு மொபைலைத் திருப்பித் தந்தார். அப்புறம் சாப்பாடு போட்டார்கள். பாதியில் மகளைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்து" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. எழுத்தில் கேட்டால் எழுத்துத் தமிழில் பதில் சொல்வது நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். சொல்லைப் பற்றிக் கேட்டால் சொல்லைப் பற்றிய கருத்துதான் கிடைக்கும், மனசுக்குள் அந்தச் சொல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது கிடைக்காது. அதற்கு நேரத்தை அளக்க வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸ் ஒருவர் படிவத்தை அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தார் என்பதைச் சொல்லாது. கல்லூரி மாணவர்களிடம் வயது, ஊர், வீட்டுமொழி கேட்பதற்கு இன்றும் அதையே பயன்படுத்துகிறேன். அந்த வேலைக்கு அது நல்ல கருவி.

கரையோர ஊர்களில் நேரில் போய்க் கேட்பதற்கு கோபோ டூல்பாக்ஸ் என்ற கேள்விப்படிவக் கருவி. இதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. கேள்விகளை ஒரு எக்ஸெல் தாளில் எழுதலாம்: கேள்வியின் வகை ஒரு பத்தியில், பெயர் ஒரு பத்தியில், திரையில் தெரியவேண்டிய வாசகம் ஒரு பத்தியில். "கடலுக்குப் போகிறவரா?" என்பதற்கு ஆமாம் என்றால் மட்டும் படகு பற்றிய கேள்விகள் வரவேண்டும் என்றால் அதற்கும் தனிப் பத்தி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலேயே ஓடும். பதில்கள் போனிலேயே சேர்ந்திருந்து, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். மூக்கையூர் பக்கம் நாள் முழுக்க அலைந்துவிட்டு, ராத்திரி ராமநாதபுரம் திரும்பி வீட்டு இணையத்தில் மொத்தமாக அனுப்புவேன். குரல் பதிவுக்கும் இடம் இருப்பதால் சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்காமல் குரலாக வாங்க முடிந்தது. கையெழுத்து என்றதும் தயங்கிய பல பெண்கள், வாயால் சொல்லச் சொன்னபோது தாராளமாகச் சொன்னார்கள்.

சரி, நேரம் அளக்கும் கதைக்கு வருகிறேன்.

திரையில் ஓர் எழுத்துத்தொடரைக் காட்டி, இது சொல்லா இல்லையா என்று பொத்தானை அழுத்தச் சொல்லும் சோதனை பழையது. 1971-இல் மேயர், ஷ்வானவெல்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சொற்களை இரண்டிரண்டாகக் காட்டினார்கள். ரொட்டியும் வெண்ணெயும் போல உறவுள்ள சொற்கள் சேர்ந்து வந்தால் பதில் வேகமாக வருகிறது என்று கண்டார்கள். கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று நம் கரையில் காற்றுக்கு இருக்கும் பெயர்களை வைத்து இதைச் செய்ய ஆசைப்பட்டேன்.

முதலில் எடுத்தது சைக்கோபை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பியர்ஸ் தொடங்கிய இலவச மென்பொருள், பைதான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு அதில் பில்டர் என்ற பகுதி உண்டு. சொல் எப்போது தோன்ற வேண்டும், பதில் எங்கே பதிய வேண்டும் என்பதைக் கட்டம் கட்டமாக இழுத்து வைத்து, சொற்பட்டியலை ஒரு எக்ஸெல் கோப்பாகக் கொடுத்துவிடலாம். இதற்கு முன் பைதான் படித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று மூன்று மாதம் வீடியோ பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. பில்டரில் எட்டே சொற்களை வைத்து ஒரு சோதனையை முழுசாகச் செய்து, நானே உட்கார்ந்து அழுத்தி, வந்த கோப்பைத் திறந்து பார்த்த இரண்டு சாயங்காலத்தில் புரிந்துவிட்டது. படிக்கத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சின்னதாக, ஆனால் தரவுக் கோப்பு வரைக்கும் போய்விடுங்கள்.

கருவியைக் கற்றது எளிது. தமிழை அதற்குள் கொண்டுபோனதுதான் வேலை. நான் பார்த்த வழிகாட்டிகளில் இதைப் பற்றி இல்லாததால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சோதனையில் ஒப்பிடும் சொற்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். கொண்டல் நாலெழுத்து, சோழகமும் நாலெழுத்து. ஆனால் பைதானிடம் நீளம் கேட்டால் கொண்டலுக்கு 7, சோழகத்துக்கு 6 என்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதுதான் காரணம். அதோடு, 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொல். இரண்டு கீபோர்டில் தட்டச்சு செய்த என் பட்டியலில் இப்படிச் சில சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய், ஒரு வாரம் காரணம் தெரியாமல் தவித்தேன். இப்படி வேறு வேறாகச் சேமித்ததை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடு சமன்படுத்தல் என்று ஒரு வசதி பைதானிலும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியிலும் இருக்கிறது. எந்தத் தமிழ்ப் பட்டியலையும் முதலில் அதற்குள் விட்டு எடுங்கள். எழுத்து எண்ணிக்கையைக் கையால் எண்ணித் தனிப் பத்தியில் எழுதிவையுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியல் கைக்கு வந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். எந்த மென்பொருளிலாவது கொம்பு பிரிந்து நின்றால் நான் மல்லுக்கட்டுவதில்லை, சொல்லைப் படமாக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்தது பொய்ச்சொற்கள். சொல் மாதிரியே இருக்க வேண்டும், சொல்லாக இருக்கக் கூடாது. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகள் என்று இலக்கணத்தில் படித்தது எனக்கு இங்கேதான் கை கொடுத்தது. 'ண'வில் தொடங்கினாலோ வல்லின மெய்யில் முடிந்தாலோ யாரும் யோசிக்காமலேயே தள்ளிவிடுவார்கள், அது நல்ல பொய்ச்சொல் ஆகாது. ஓர் எழுத்தை மாற்றுவது வழக்கமான வழி, ஆனால் கவனம் வேண்டும்: கச்சானில் முதலெழுத்தை மாற்றினால் மச்சான் வந்து நிற்கும். வெளியூர்த் தோழி ஒருத்தி வாடையை மாற்றி சூடை என்று ஒரு பொய்ச்சொல் செய்திருந்தாள். பாம்பனில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதைச் சொல் என்றே அழுத்தினார்கள், அவள் தாளில் எல்லாமே தவறு என்று பதிவானது. சூடை இங்கே தினம் கூடையில் வரும் மீன். அன்றிலிருந்து பொய்ச்சொல் பட்டியலை உள்ளூரில் மூன்று பேரிடமாவது வாசித்துக் காட்டாமல் நாங்கள் சோதனை தொடங்குவதில்லை.

வாக்கியம் படிக்கும் வேகத்தை அளக்க பிசி-ஐபெக்ஸ். அலெக்ஸ் டிரம்மண்டின் ஐபெக்ஸ் என்ற மென்பொருளை அடிப்படையாக வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜெரமி ஸேரும் ஃப்ளோரியன் ஷ்வார்ஸும் வளர்த்தது. இலவசம், பிரவுசரிலேயே எழுதி பிரவுசரிலேயே ஓட்டலாம். வாக்கியம் முழுக்கக் கோடுகளாக நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டத் தட்ட ஒவ்வொரு சொல்லாகத் திறந்து மூடும். ஜஸ்ட், கார்பென்டர், வூலி மூவரும் 1982-இல் ஒப்பிட்டுக் காட்டிய முறை இது. தமிழில் இடைவெளியை மட்டும் நம்பி வெட்டினால் 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' ஒரு துண்டு, 'அவன்' ஒரு துண்டு என்று ஆகிவிடும். துண்டுகளை நாமே பிரித்துக் கொடுக்க அதில் வழி உண்டு. ஒப்பிடும் இடத்தில் மட்டுமாவது நீளத்தைச் சமமாக்குங்கள். ஒப்பிடுவதற்காக எழுதிய ஒரே வாக்கியத்தின் இரண்டு வடிவத்தையும் ஒருவரே பார்க்காதபடி ஆட்களைக் குழுவாகப் பிரிக்க வேண்டும். சொற்பட்டியலில் குழு என்று ஒரு பத்தி வைத்தால் அதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

ஒன்றே ஒன்று: வாக்கியத்தின் எந்த வடிவம் காட்டப்பட்டது என்பதைக் கோப்பில் எழுதச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். அந்த ஒரு வரியை நான் விட்டுவிட்டேன். தங்கச்சிமடத்தில் ஒரு நாள் முழுக்கச் சேர்த்த தரவில் நேரங்கள் மட்டும் இருந்தன, எந்த வடிவத்துக்கான நேரம் என்பது இல்லை. அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது. இப்போது முதல் ஆள் முடித்ததுமே கோப்பை இறக்கி வரி வரியாகப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது ஆளைக் கூப்பிடுகிறேன்.

லேப்டாப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. ஓர் அப்பத்தா முன்னால் வைத்து, சொல் என்றால் பச்சை ஸ்டிக்கர், இல்லை என்றால் சிவப்பு என்று காட்டினேன். கொண்டல் வந்ததும், "ஏம்மா, இது காத்துப் பேருதானே, இதுல என்னத்தக் கேக்குற?" என்று வாயால் சட்டெனச் சொல்லிவிட்டார். விரல் கீயைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிட்டது. கருவி பதிவு செய்தது அவர் கை கீபோர்டுக்குப் பழகாததை. அவர் மனசில் கொண்டல் எவ்வளவு வேகமாக வந்தது என்பது அந்தக் கோப்பில் இல்லை.

அதனால்தான் ஜேஎஸ்சைக் பக்கம் வந்தேன். ஜோஷ் டி லீயூ உருவாக்கிய திறமூல ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், அதாவது பிரவுசரில் ஓடும் சோதனைகளுக்கான தயார் நிரல்களின் தொகுப்பு. பில்டர் மாதிரி இழுத்து வைக்கும் வசதி இல்லை, நிரல் எழுதித்தான் ஆக வேண்டும். கோப்புகளை எங்கே ஏற்றி வைப்பது, தரவு எங்கே போய்ச் சேர்வது என்பதையும் நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் தொடுதிரையில் இரண்டு பெரிய பொத்தான்கள் வைக்க முடிகிறது. வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளோடு பேசும் அப்பத்தாக்களுக்கு அது கைக்கு வந்த பொருள். 2021-இல் வந்த ஏழாம் பதிப்பில் எழுதும் முறையே மாறிவிட்டது, ஆகவே இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் அப்படியே ஓடாது. பார்க்கும் பாடம் எந்தப் பதிப்புக்கானது என்பதை முதலில் பாருங்கள்.

போனில் அளக்கும் நேரம் ஆய்வக அளவுக்குத் துல்லியமாக இருக்காது. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது, ஒரு முறைக்கே ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட். தொடுதலைப் பதிவு செய்யும் தாமதம் போனுக்குப் போன் மாறும். அதனால் ஒருவர் நேரத்தை இன்னொருவர் நேரத்தோடு நான் ஒப்பிடுவதில்லை. ஒருவர் கச்சானுக்கு எடுத்த நேரத்தை அவரே 'மேசை' என்ற பொதுச்சொல்லுக்கு எடுத்த நேரத்தோடு ஒப்பிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே போனைக் கொடுக்கிறேன், முதல் 20 பயிற்சிச் சொற்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆட்களைப் பார்க்கும் காலத்தையும் கருவியைப் போலவே திட்டமிட வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், வலை பின்னும் கொட்டகையில் பேச நேரம் கிடைக்கும். பாசி எடுக்கப் போகும் பெண்களை அவர்கள் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகுதான் பார்க்கப் போவேன். கால் மணி நேரத்துக்கு மேல் போகிற சோதனையை நான் கரைக்குக் கொண்டுபோவதே இல்லை. நாற்பது சொல்லோடு நிறுத்திவிடுகிறேன்.

இப்போது என் பையில் இரண்டு போன் இருக்கின்றன. ஒன்றில் கோபோ: சம்மதமும் வயதும் தொழிலும் அதில். இன்னொன்றில் ஜேஎஸ்சைக் சோதனை, சிக்னலை நம்பாமல் போனுக்குள்ளேயே ஓடும்படி வைத்தது. இரண்டையும் இணைக்க ஒரே நாலிலக்க எண், பெயர் எங்கேயும் கிடையாது. கீழக்கரையில் அந்த உம்மா வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். இந்த முறை பட்டியலில் ஆணம் இருக்கிறது.